ஆளைப் பார்த்தா, செயலைப் பார்த்தா? கூடைப்பந்துப் போட்டிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் கூடைப்பந்துப் போட்டிகளை நடத்தும் குழுக்களின் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், ஒழுங்கு நடவடிக்கைப் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

கோடை விடுமுறையில் நடக்கவிருக்கும் மின்னொளிப் போட்டிகளுக்கான விதிமுறைகளை நீங்கள் அச்சுக்குக் கொடுக்கும் காலம் இது. அந்தத் துண்டறிக்கைகளில் நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை, சுழற்கோப்பை, வெளியூர் அணிகளுக்கான தங்குமிடம் ஆகியவை விவரமாக இருக்கும். கடைசி வரியில் 'குழுவின் முடிவே இறுதியானது' என்று இருக்கும். களத்தில் கை ஓங்கிய ஓர் ஆட்டக்காரரை எத்தனை ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைப்பது, அதை யார் எதைப் பார்த்துத் தீர்மானிப்பது, அந்தத் தீர்மானத்தை எதிர்த்து யாரிடம் முறையிடுவது என்பதெல்லாம் அந்த ஒரே வரிக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து பல பருவங்களாக ஆட்டக் குறிப்பேடு எழுதி வருபவன் என்ற முறையில், அந்த வரியைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இனி, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் முறைப்படி தடை விதிக்கலாம் என்ற பேச்சு உங்களில் சிலரிடையே எழுந்திருப்பதை அறிவேன். விடியற்காலையில் எழுந்து அமெரிக்க ஆட்டங்களைக் கைப்பேசியில் பார்க்கும் பிள்ளைகள் நம் ஊரில் பெருகிவிட்ட நிலையில், அவர்களுக்குப் புரிந்த ஒரு முறையைக் கையாள நினைப்பது இயல்பே. ஆனால் என்.பி.ஏ. முறை என்று முழுமையாக எடுத்து வைத்துக்கொள்ளத்தக்க ஒன்று இல்லை. அந்த லீக் ஐம்பது ஆண்டுகளாகத் தடுமாறியும், திருத்தியும், சில இடங்களில் இன்னும் திருத்தாமலும் வைத்திருக்கும் ஒரு வழக்கம்தான் அது. அதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தேர்ந்தே எடுக்க வேண்டும். என் வேண்டுகோள் இதுதான்: தடையின் நீளத்தைச் செயல் தீர்மானிக்கட்டும், செய்தவரின் பெயரும், பட்டவரின் காயமும், அரங்கின் கூச்சலும் தீர்மானிக்க வேண்டாம். அந்த அளவும் சண்டை நடப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கட்டும்.

1977ஆம் ஆண்டில் ஒரே அணியில், ஒரே பருவத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை முதலில் பாருங்கள். அக்டோபரில், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் கரீம் அப்துல் ஜபார், தம் வயிற்றில் முழங்கையால் இடித்த மில்வாக்கி அணியின் புதுமுக ஆட்டக்காரர் கென்ட் பென்சனை முகத்தில் குத்தினார். குத்திய வேகத்தில் அவருடைய கையெலும்பே முறிந்தது. லீக் அவருக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. ஓர் ஆட்டம்கூடத் தடை இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், அதே லேக்கர்ஸ் அணியின் கெர்மிட் வாஷிங்டன், களத்தின் நடுவில் நடந்த தள்ளுமுள்ளுவை நோக்கி ஓடிவந்த ஹூஸ்டன் அணியின் ரூடி டோம்ஜானோவிச்சை ஒரே குத்தாகக் குத்தினார். முக எலும்புகள் நொறுங்கி, அவர் உயிர் பிழைத்ததே பெரிது என்ற நிலை ஏற்பட்டது. வாஷிங்டனுக்கு 10,000 டாலர் அபராதமும் 60 நாள் தடையும் கிடைத்தன. 26 ஆட்டங்களை அவர் இழந்தார். இரண்டு தண்டனைகளையும் விதித்தவர், லீக்கின் தலைமைப் பொறுப்பில் இருந்த அன்றைய ஆணையர் லாரி ஓ'பிரையன் என்ற ஒரே மனிதர்.

இரண்டாவது தண்டனை மிகை என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட குத்துக்கு அந்தத் தடை தகும். அக்டோபர்க் குத்துக்கு ஒரு நாள்கூடத் தடை இல்லாமல் போனதைத்தான் எந்தக் கணக்கிலும் நேர் செய்ய முடியவில்லை. இரண்டுமே முகத்தை நோக்கி மூடிய கையோடு வந்த குத்துகள். முதல் குத்துக்கு முன் ஓர் இடி வாங்கியிருந்தார் என்பது தண்டனையைக் குறைக்கலாம், சரி. முற்றிலும் இல்லாமல் ஆக்கலாமா? முதலாமவர் லீக்கின் மிகப் பெரிய நட்சத்திரம், இரண்டாமவர் உழைப்பாளி வகை ஆட்டக்காரர் என்பதும், முதல் குத்தில் நொறுங்கியது குத்தியவரின் கை, இரண்டாவதில் நொறுங்கியது குத்து வாங்கியவரின் முகம் என்பதும் அந்தத் தண்டனைகளுக்கு நடுவே நிற்கின்றன. இவற்றில் எது எவ்வளவு எடை பெற்றது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாதபடி அன்று அளவுகோல் எழுதப்படாமல் இருந்தது.

நம் ஊர்களில் அம்மன் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடும்போது மாடி வீட்டுக்கு ஒரு கணக்கு, ஓலை வீட்டுக்கு ஒரு கணக்கு என்று பிரிப்பதில்லை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கொடைக்கு முன்பே முடிவு செய்துவிடுவதால்தான் அந்த வரியைப் பற்றிச் சண்டை வருவதில்லை. ஆட்டத் தடையிலும் அந்த முன்முடிவைத்தான் கேட்கிறேன்.

காயத்தைக் கொண்டு தண்டனையை அளக்கும் வழக்கத்திலிருந்து லீக் பின்னாளில் ஓரளவு விலகியதற்குச் சான்று உண்டு. 2021 நவம்பரில் டென்வர் அணியின் நிகோலா யோகிச், தம்மை வன்மையாக இடித்துத் தடுத்த மயாமி அணியின் மார்கீஃப் மாரிஸைப் பின்னாலிருந்து ஓடிவந்து தள்ளி வீழ்த்தினார். யோகிச்சுக்கு ஓர் ஆட்டம் தடை; தூண்டிவிட்ட மாரிஸுக்கு 50,000 டாலர் அபராதம்; வெளியே வா என்று சவால் விட்ட ஜிம்மி பட்லருக்கு 30,000 டாலர். மாரிஸ் அதன்பின் பல மாதங்கள் ஆட முடியாமல் இருந்தார் என்றாலும் தடை கூட்டப்படவில்லை. முதுகுப் பக்கமாக வந்து தள்ளியதற்கு ஓர் ஆட்டம் என்பது எனக்கும் குறைவாகவே படுகிறது. ஆயினும் அளந்த பொருள் சரியானது: அவர் செய்தது என்ன என்பதை அளந்தார்கள். தூண்டியவரையும் சும்மா விடவில்லை. நம் போட்டிகளில் இரண்டாவது கைதான் எப்போதும் நடுவரின் கண்ணில் படுகிறது. முதல் கையை மேசையிலிருந்து நாங்கள் பார்த்திருந்தாலும், எங்களிடம் கேட்பதற்கு விதி இல்லாததால் எவரும் கேட்பதில்லை.

இனி, எழுதப்பட்ட விதியே நியாயத்துக்குப் போதும் என்று எண்ணுவோர் 2007ஆம் ஆண்டின் சான் அன்டோனியோ, ஃபீனிக்ஸ் அணிகளின் பிளே-ஆஃப் தொடரை (பருவ முடிவில், முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணி அடுத்த சுற்றுக்குப் போகும் தொடர்) கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நான்காவது ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தபோது, தோற்றுக்கொண்டிருந்த சான் அன்டோனியோவின் ராபர்ட் ஹாரி, ஃபீனிக்ஸ் அணியின் ஸ்டீவ் நாஷை இடுப்பால் இடித்து ஸ்கோர் மேசை மீதே தூக்கி எறிந்தார். (மேசைக்காரனான எனக்கு அந்தக் காட்சி மற்றவர்களைவிடக் கூடுதலாகவே உறைத்தது.) தங்கள் அணித் தோழர் விழுந்ததைக் கண்டு பெஞ்சிலிருந்து எழுந்த அமாரே ஸ்டோடமயரும் போரிஸ் டியாவும் சில அடிகள் களத்துக்குள் வந்தனர், உதவிப் பயிற்சியாளர்கள் அவர்களைத் திருப்பி அழைத்துச் சென்றனர், எவரையும் அவர்கள் தொடவில்லை. ஆனால் கைகலப்பின்போது பெஞ்சை விட்டு வருபவருக்குக் குறைந்தது ஓர் ஆட்டம் தடை என்று விதி இருந்தது. ஹாரிக்கு 2 ஆட்டங்களும், இந்த இருவருக்கும் தலா 1 ஆட்டமும் தடை விதிக்கப்பட்டன. 2-2 என்று சமநிலையில் இருந்த தொடரின் ஐந்தாவது ஆட்டத்தை, முதன்மை உயர ஆட்டக்காரர் இல்லாமல் ஆடிய ஃபீனிக்ஸ் 3 புள்ளிகளில் இழந்தது, தொடரையும் இழந்தது. இடித்தவரின் அணி அந்த ஆண்டுச் சாம்பியன் ஆனது.

விதி ஒன்றுதான், அதை எவருக்கும் வளைக்கவில்லை என்று லீக் விடையளித்தது. அந்த விடையில் பாதி உண்மை இருக்கிறது. அதே ஆட்டத்தின் முற்பகுதியில் சான் அன்டோனியோவின் டிம் டங்கனும் புரூஸ் போவெனும் பெஞ்சை விட்டுக் களத்துக்குள் காலெடுத்து வைத்திருந்தார்கள். அப்போது நடந்தது கைகலப்பு ஆகாது என்று லீக் முடிவு செய்ததால், அவர்களுக்குத் தடை இல்லை. விதி இரும்பாக இருக்கலாம். ஆனால் எது கைகலப்பு என்று தீர்மானிக்கும் இடம் களிமண்ணாக இருந்தால், அந்த இரும்பு யார் மீது விழும் என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் தீர்மானிக்கிறார்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1997இல் நியூயார்க் அணிக்கும் இதுவே நேர்ந்தது. மயாமியின் பி.ஜே. பிரவுன், சார்லி வார்டைத் தூக்கிப் புரட்டிப் போட்ட பிறகு எழுந்த சண்டையில், பேட்ரிக் யூயிங் உட்பட 5 நியூயார்க் ஆட்டக்காரர்களுக்குத் தடை வந்தது. எல்லாரையும் ஒரே ஆட்டத்தில் நிறுத்தினால் ஆட ஆள் இருக்காது என்பதால் அடுத்த இரண்டு ஆட்டங்களுக்குப் பிரித்து நிறுத்தினார்கள். 3-1 என்று முன்னணியில் இருந்த அணி 4-3 என்று தோற்றது.

பெஞ்சை விட்டு வரக்கூடாது என்ற விதி தவறு என்று இதனால் முடிவு கட்டிவிட வேண்டாம். பத்துப் பேர் மோதும் களத்தில் இன்னும் பதினான்கு பேர் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நம் திறந்தவெளிக் களங்களில், பார்வையாளர் கோட்டுக்கு ஒட்டி நிற்கும் இடங்களில், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படியும், சண்டையின்போது பெஞ்ச் பகுதியை விட்டு வரும் மாற்று ஆட்டக்காரர் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட வேண்டியவரே. தலைமைப் பயிற்சியாளரும் முதல் உதவிப் பயிற்சியாளரும் மட்டும் நடுவர்களுக்கு உதவ உள்ளே வரலாம். அந்த ஆட்டத்தோடு அது முடிந்தால் சரி. அடுத்த ஆட்டங்களுக்கும் தடை நீள வேண்டுமானால், கோட்டைத் தாண்டி நின்றவர், ஓடிச் சென்றவர், கை வைத்தவர் ஆகிய மூவரையும் வேறு வேறாகப் பிரித்து எழுத வேண்டும். படி பிரிக்காத விதியில் தடையின் எண்ணிக்கை மட்டும்தான் சமமாக இருக்கும்.

பழைய குற்றங்களைக் கணக்கில் எடுப்பதா என்பது அடுத்த கேள்வி. எடுக்கலாம், ஆனால் எண்ணி எடுக்க வேண்டும். என்.பி.ஏ. பிளே-ஆஃப்களில், பந்தை விட்டு ஆளை அடிக்கும் ஃபிளேக்ரன்ட் ஃபவுல்களுக்கு வகையைப் பொறுத்து 1 அல்லது 2 புள்ளிகள் சேர்கின்றன. 3ஐத் தாண்டினால் ஓர் ஆட்டம் தானாகவே தடை. 2016 இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் அணியின் டிரேமண்ட் கிரீன், நான்காவது ஆட்டத்தில் லெப்ரான் ஜேம்ஸோடு மோதியதற்கு ஆட்டம் முடிந்த பிறகு ஒரு புள்ளி சேர்க்கப்பட்டு, 4ஐ எட்டி, ஐந்தாவது ஆட்டத்தை இழந்தார். 3-1 என்று முன்னணியில் இருந்த அவர் அணி கோப்பையையும் இழந்தது. அது கடுமையான முடிவு என்று இன்றும் வாதாடுவோர் உண்டு. ஆயினும் தாம் எத்தனை புள்ளிகளில் நிற்கிறோம் என்று கிரீனுக்கும் தெரியும், எதிரணிக்கும் தெரியும், பார்த்தவர்களுக்கும் தெரியும்.

அதே கிரீன் 2023 டிசம்பரில் யூசுஃப் நுர்கிச்சின் முகத்தில் அடித்தபோது காலவரையற்ற தடை என்று அறிவித்தார்கள். அவருடைய கடந்த கால நடத்தையைக் கருத்தில் கொண்டதாகவும் சொன்னார்கள். அது 12 ஆட்டங்களில் முடிந்தது. 12 என்ற எண் எங்கிருந்து வந்தது? அடித்த அடிக்கு எத்தனை, பழைய கணக்குக்கு எத்தனை என்று எவரும் பிரித்துக் காட்டவில்லை. அவருக்குப் பரிந்து பேச எனக்கு விருப்பமே இல்லை. அதற்கு முந்தைய மாதம்தான் ரூடி கோபேரின் கழுத்தைக் கையால் வளைத்து இழுத்து 5 ஆட்டங்கள் வெளியே இருந்துவிட்டு வந்தவர் அவர். ஆனால் காலவரையற்ற தடை என்ற சொற்றொடரை நம் குழுக்கள் எடுத்துக்கொண்டால், அது வேண்டாதவரை வெளியே வைக்கவும், வேண்டியவரை அரையிறுதிக்கு முன் உள்ளே அழைக்கவும் எளிதான கதவாகிவிடும். 2016இன் புள்ளிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இன் காலவரையின்மையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மேல்முறையீட்டைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. 2004 நவம்பரில் டிட்ராய்ட் அருகே ஆட்டக்காரர்கள் பார்வையாளர் பகுதிக்குள் பாய்ந்து அடித்த அந்தப் பெரிய கலவரத்தில் 9 பேருக்கு மொத்தம் 146 ஆட்டங்கள் தடை விழுந்தது. ரான் ஆர்டெஸ்ட் மட்டும் பருவம் முழுவதையும், பிளே-ஆஃப் உட்பட 86 ஆட்டங்களை இழந்தார். ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் தண்டனைகளைத் தாமே விதித்தார், முறையீடும் தம்மிடமே வர வேண்டும் என்றார். ஆட்டக்காரர் சங்கம் வெளி மத்தியஸ்தரிடம் போனது. அவர் மற்றத் தடைகளை அப்படியே விட்டுவிட்டு, ஜெர்மெய்ன் ஓ'நீலின் 25 ஆட்டங்களை மட்டும் 15ஆகக் குறைத்தார்; நீதிமன்றமும் அதை ஏற்றது. மூன்றாம் மனிதர் ஒருவர் பார்த்ததால் லீக்கின் மதிப்பு குறைந்துவிடவில்லை. மற்றத் தடைகள் சரியானவை என்பதற்கு அவருடைய முடிவே சான்றாக நின்றது.

இப்போது நம் களத்துக்கு வருகிறேன். அமெரிக்க முறையை அப்படியே கொண்டுவந்தால் நம் ஊரில் ஏன் செல்லாது என்பதற்கு அடிப்படையான ஒரு காரணம் இருக்கிறது. அங்கே ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள், ஒரே லீக், ஒரே அலுவலகம். இங்கே நான்கைந்து நாள் போட்டி, தோற்றால் வெளியே என்ற நாக்-அவுட் முறை, ஊருக்கொரு குழு. வென்ற அணியில் இருந்து தவறு செய்தவர் அடுத்த ஆட்டத்தில் தண்டனை அனுபவிக்கிறார். தோற்கும் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் எதிராளியின் மூக்கை உடைத்தவருக்கு அடுத்த ஆட்டமே இல்லாததால் தண்டனையும் இல்லை. அடுத்த வாரம் அம்பாசமுத்திரத்திலோ கோவில்பட்டியிலோ வேறோர் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் ஆடுவதைக் குறிப்பேட்டில் நானே எழுதுகிறேன். 2011இல் லேக்கர்ஸ் அணி தொடரை இழந்து வெளியேறிய ஆட்டத்தில், பறந்துகொண்டிருந்த ஹோசே பரேயாவை முழங்கையால் வீழ்த்திய ஆண்ட்ரூ பைனத்தின் தடையை லீக் அடுத்த பருவத்தின் தொடக்க ஆட்டங்களுக்கு எடுத்துச் சென்றது. அப்படி எடுத்துச் செல்ல அங்கே ஓர் ஏடு இருக்கிறது. நம்மிடம் இல்லை.

ஆட்டத்துக்குள் நடப்பதற்கு ஃபிபா விதிப் புத்தகம் வழி சொல்கிறது. ஆட்டக்காரர் வெளியேற்றப்பட்டால் தலைமை நடுவர் போட்டியை நடத்தும் அமைப்புக்கு அறிக்கை தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அந்த அறிக்கையைப் பெற்றுக்கொண்ட பிறகு எத்தனை ஆட்டத் தடை என்பது உங்கள் பொறுப்பு. உண்மையைச் சொன்னால், நம் போட்டிகள் பலவற்றில் அந்த அறிக்கை எழுதப்படுவதே இல்லை; இரவு பதினொரு மணிக்கு விளக்கணைந்ததும் களத்தின் ஓரத்தில் நாலு பேர் நின்று பேசி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சில் யாருக்காக எவர் பரிந்து பேசுகிறார் என்பதுதான் எடையாகிறது. வங்கி அணியிலோ ரயில்வே அணியிலோ ஆடி, கூட்டத்தை இழுப்பதற்காக வரவழைக்கப்பட்ட ஒருவர் நடுவரை நெஞ்சில் தள்ளினாலும், மறுநாள் அரையிறுதிக்கு மக்கள் வரவேண்டும் என்ற கவலையில் அது எச்சரிக்கையோடு முடிகிறது. விளையாட்டு விடுதிப் பையன் ஒருவன் அதையே செய்தால் போட்டி முழுவதற்கும் வெளியே நிற்கிறான். அவனுக்கு அங்கே சம்பளம் இல்லை, இழப்பதற்குப் பணமும் இல்லை. தேர்வாளர்கள் பார்க்கும் அந்த இரண்டு ஆட்டங்களும், அவற்றால் கிடைக்கக்கூடிய சான்றிதழும், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடமும்தான் அவன் இழப்பது. என்.பி.ஏ. ஆட்டக்காரர் இழக்கும் சம்பளத்தைவிட அது சிறிய இழப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நடுவர்களும் அமைப்பாளர்களும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கக் கூடாது என்பதற்கு 2018 ஜூலையில் பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலிய அணிகள் மோதிய உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தின் கலவரம் நல்ல எடுத்துக்காட்டு. ஃபிபா 10 பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்களுக்கும் 3 ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்களுக்கும் பெயர் பெயராக, 1 முதல் 6 ஆட்டங்கள் வரை தடையை அறிவித்தது, பயிற்சியாளர்களையும் விடவில்லை, ஆட்டத்தைக் கைநழுவ விட்ட நடுவர்களையும் ஓராண்டு சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலக்கியது. நம்மில் எந்தக் குழுவாவது ஒரு நடுவரையோ, அல்லது என்னைப் போன்ற ஒரு மேசைக்காரனையோ அப்படிக் கேள்வி கேட்டதுண்டா?

விதியை எழுதிவிட்டால் குழுவின் கை கட்டப்பட்டுவிடும், ஒவ்வொரு சண்டையும் ஒவ்வொரு மாதிரி அல்லவா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானது. அதனால்தான் ஒவ்வொரு செயலுக்கும் ஒரே எண்ணை அல்லாமல், குறைந்த அளவையும் கூடிய அளவையும் எழுதச் சொல்கிறேன். அந்த இடைவெளிக்குள் எங்கே நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம் என்பதை மட்டும் மூன்று வரிகளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால், உங்கள் அறிவும் அனுபவமும் வேலை செய்வதற்கு இடம் இருக்கும். பாரபட்சம் ஒளிவதற்கு இடம் இருக்காது.

நடைமுறைக்கு நான் வேண்டுவது இவ்வளவே. மூன்று மாவட்டக் குழுக்களும் ஒரே தடைப் பட்டியலை ஏற்று, அதை நுழைவுக் கட்டணம் வாங்குவதற்கு முன்பே அணித் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் தலைமை நடுவரின் அறிக்கையோடு ஸ்கோர் மேசையின் குறிப்பையும், தூண்டிய செயல் உட்பட, இணைக்க வேண்டும். தடை பெற்றவர் மறுநாள் காலைக்குள் முறையிட, அந்தப் போட்டியில் அணி எதுவும் இல்லாத வேறோர் ஊர்க்காரரை முன்பே நியமிக்க வேண்டும். அனுபவிக்காமல் எஞ்சிய தடை அடுத்த ஊரின் போட்டிக்கும் அதே ஆட்டக்காரரோடு செல்லும் வகையில், எல்லாக் குழுக்களும் பார்க்கத்தக்க ஒரு பொது ஏடு இருக்க வேண்டும். அந்த ஏட்டை எழுதிப் பராமரிக்கும் வேலையை, ஊதியம் எதுவும் இன்றி, மேசைப் பணியாளர்களான நாங்கள் ஏற்கிறோம். தடைப் பட்டியலுக்கான வரைவு ஒன்றையும் எழுதி வைத்திருக்கிறோம். துண்டறிக்கை அச்சுக்குப் போகும் முன் நடக்கும் உங்கள் கூட்டத்தில் அதைப் படிக்க அரை மணி நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்கோர் மேசைப் பணியாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.